பைக்கில் நெடும்பயணம், கூடாரத்தில் இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணம் முடிந்து வந்தவரிடம் மைலேஜ் எவ்வளவு, எவ்வளவு வேகம் போனீர்கள் என்று கேட்பார்கள். புறப்படப்போகிறவர் கேட்பது வேறு: எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது, எங்கே வைப்பது, எதால் கட்டுவது. அந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்கு, பல தவறுகளுக்குப் பிறகு நான் வந்து சேர்ந்த பதில்கள் இவை.

முதல் தடவை போகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

ஓர் இரவு ஒத்திகையிலிருந்து. வீட்டிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் கூடாரம் போட அனுமதியுள்ள இடம் ஒன்றைப் பாருங்கள். பெரிய பயணத்துக்கு எடுத்துப்போக நினைக்கும் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போய், சமைத்து, தூங்கி, காலையில் மறுபடி கட்டிக்கொண்டு வாருங்கள். எந்தப் பட்டியலும் சொல்லாததை அந்த ஓர் இரவு சொல்லிவிடும். என் முதல் ஒத்திகையில் அடுப்பு இருந்தது, கேஸ் இருந்தது, பாத்திரம் இருந்தது, பற்றவைக்க ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் நடந்ததால் சிரிப்போடு போயிற்று.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் தரையில் கொட்டி, பயன்பட்டது ஒரு பக்கம், தொடாதது ஒரு பக்கம் எனப் பிரியுங்கள். தொடாத குவியலில் மழைச்சட்டை, மருந்துப் பை, பஞ்சர் சாமான் இந்த மூன்றையும் மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் பாதிக்கு மேல் வீட்டிலேயே இருக்கலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்வது?

நல்ல சாலையில் 300 முதல் 350. மலைப்பாதை, மண்பாதை என்றால் 150 முதல் 200. கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். ஒரே நாளில் 600 ஓட்டியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. ஆனால் அவர்கள் மாலையில் விடுதியில் சாவி வாங்கிப் படுத்தவர்கள். கூடாரத்தில் தங்குகிறவருக்கு காலையில் பிரித்துக் கட்ட ஒரு மணி நேரம், மாலையில் இடம் தேடி அடிக்க ஒரு மணி நேரம் போய்விடும். தண்ணீர் எடுப்பது, சமைப்பது, கழுவுவது தனி.

வரைபடம் ஐந்து மணி நேரம் என்று காட்டினால் நான் ஏழு என்று எழுதிக்கொள்வேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடப்பதும், பெட்ரோல் போடுவதும், வழி தவறுவதும் அதில் அடக்கம். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். இருட்டில் தேர்ந்தெடுத்த இடம் விடிந்ததும் எப்படி இருக்குமென்று ஒருமுறை பார்த்தவர் மறுபடி அந்தத் தவறைச் செய்யமாட்டார். நான்கைந்து நாளுக்கு ஒரு நாள் பைக்கைத் தொடாமல் இருங்கள். துணி துவைக்கவும் செயினைப் பார்க்கவும் அந்த நாள் வேண்டும்.

பெரிய எஞ்சின் பைக் இருந்தால்தான் முடியுமா?

1912-இல் கார்ல் கிளான்சி உலகத்தைச் சுற்றப் புறப்பட்டது 7 குதிரைத்திறன் கொண்ட ஹெண்டர்சன் மோட்டார் சைக்கிளில். இன்று கடைக்குப் போய்வரும் ஸ்கூட்டரே அதைவிட வலுவானது. நீங்கள் வைத்திருக்கும் பைக், அதன் சத்தமும் குணமும் தெரிந்த பைக், பெரும்பாலும் போதும். கீழே விழுந்தால் தனியாளாகத் தூக்க முடிகிறதா என்பதை மட்டும் சுமையோடு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். முடியவில்லையென்றால் சுமையைக் குறையுங்கள், இல்லையென்றால் துணையோடு போங்கள்.

பைக் எவ்வளவு எடை தாங்கும்? உட்கார்ந்து பார்த்தால் தெரியாதா?

தெரியாது. கணக்குப் போட வேண்டும், ஐந்து நிமிட வேலைதான். பைக்கின் கையேட்டில் அதிகபட்ச மொத்த எடை என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து, பெட்ரோல் நிரப்பிய பைக்கின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. உங்கள் உடம்பும் அதற்குள் அடக்கம் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பேச்சுக்கு, மொத்த எடை 370 கிலோ, பைக் 190 கிலோ என்று வைப்போம். மிச்சம் 180. ஓட்டுபவர் 75, ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு 10. இப்போது 95 இருக்கிறது. தனியாகப் போனால் தாராளம். பின்னால் 65 கிலோவுக்கு ஒருவர், அவருடைய உடுப்பு 8 கிலோ என்றால் மிச்சம் 22. மூன்று அலுமினியப் பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் கம்பியும் காலியாகவே 15 கிலோவைத் தாண்டும். ஆக, இருவருக்கும் சேர்த்து சாமானுக்கு ஏழு கிலோ. இந்தக் கணக்கைப் போடாமல்தான் ஊரில் பாதிப் பேர் பின் ஷாக் அப்சார்பர் சரியில்லை என்று குறைசொல்கிறார்கள்.

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. பின் ரேக்குக்கும் பெட்டிகளுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. பல ரேக்குகளில் 5 கிலோ, 10 கிலோ என்று அச்சிட்டே இருக்கும். அதை மீறினால் மேடுபள்ளமான பாதையில் கம்பி விரிசல் விடும்.

நீங்கள் எவ்வளவு சுமை எடுத்துப்போகிறீர்கள்?

தனியாகப் போகும்போது சுமார் 21 கிலோ. கூடாரம் 2.5, ஸ்லீப்பிங் பேக் 1.2, மெத்தை 0.6, அடுப்பும் பாத்திரமும் 0.8, துணி 4, கருவிகளும் உதிரிகளும் 3.5, தண்ணீர் 3, சாப்பாட்டுச் சாமான் 2, மின்சாதனங்கள் 1.5, மழை உடுப்பு 1.2, மருந்து 0.6. மடக்கு நாற்காலி ஒன்று பல வருடம் பட்டியலில் உள்ளேயும் வெளியேயுமாக இருந்தது. முதுகு வலி வந்த பிறகு நிரந்தரமாக உள்ளே வந்துவிட்டது. இப்படி ஒரு ஆடம்பரம் ஒவ்வொருவருக்கும் இருக்கலாம். மூன்று இருந்தால் அது வீடு மாற்றுவது.

அலுமினியப் பெட்டியா, துணிப் பையா?

நகரங்களில் நிறுத்திவிட்டு நடக்கப்போகிறீர்கள், சாலை பெரும்பாலும் தார் என்றால் பூட்டுள்ள பெட்டி நிம்மதி. மண், கல், ஆற்றுப்படுகை என்றால் பை. பை பாதி எடைதான். அதைவிட முக்கியமான காரணம் கால். மண்ணில் தடுமாறும்போது கால் தானாகத் தரையை ஊன்றும்; பைக் முன்னால் நகர்ந்துகொண்டிருக்க, பின்னாலிருந்து வரும் உலோகப் பெட்டி கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்ளும். கணுக்கால் முறிந்த கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

1980-களில் தன் பி.எம்.டபிள்யூவில் உலகைச் சுற்றிய எல்ஸ்பெத் பியர்ட், வழியில் வேலை பார்த்துக்கொண்டே அலுமினியத் தகட்டில் தன் பெட்டிகளைத் தானே செய்துகொண்டார். கடையில் விற்பது மட்டுமே வழியில்லை என்பதற்காகச் சொல்கிறேன். எந்தப் பை ஆனாலும் நீர் புகாதது என்ற விளம்பரத்தை நம்பாமல் உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்று போடுங்கள்.

முதுகுப் பையில் சுமையேற்றி ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றாம் மணி நேரத்தில் தோள் சொல்லும்; விழுந்தால் முதுகெலும்பு சொல்லும்.

எதை எங்கே வைப்பது?

இரண்டு விதிகள். முதலாவது பைக்குக்கானது: கனமானது கீழே, முன்னால், நடுவை ஒட்டி. இரண்டு சக்கர அச்சுகளுக்கும் நடுவில், சீட்டின் உயரத்துக்குக் கீழே எவ்வளவு எடை உட்காருகிறதோ அவ்வளவுக்கு பைக் பழைய பைக்காகவே இருக்கும். கருவிப் பை, தண்ணீர் பக்கப் பைகளின் அடியில். சீட்டுக்குப் பின்னால் மாட்டும் பெட்டியான டாப் பாக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால், மேலே தொங்குகிறது. அதில் பத்து கிலோ வைத்து வேகம் எடுத்தால் முன்சக்கரம் இலேசாகி, ஹேண்டில்பார் மெல்ல இடம்வலமாக ஆடத் தொடங்கும். ஆட்டம் வந்தால் பிரேக்கை அமுக்காமல், பிடியை இறுக்காமல், ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் குறைத்து வேகத்தைத் தணியவிடுங்கள். பிறகு நிறுத்தி, சுமையை மாற்றிக் கட்டுங்கள். இடமும் வலமும் எடை ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். வீட்டில் தொங்கு தராசு இருந்தால் தூக்கிப் பார்த்துவிடலாம்.

இரண்டாவது விதி உங்களுக்கானது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. சாமானை வகை பார்த்து அடுக்காதீர்கள், வேளை பார்த்து அடுக்குங்கள். துணியெல்லாம் ஒரு பை, சமையலெல்லாம் ஒரு பை என்று அடுக்குவது வீட்டு அலமாரிக்குச் சரி. சாலையில் நேரம்தான் கணக்கு. ஓடும்போது வேண்டியவை பெட்ரோல் டேங்கின் மேல் மாட்டும் டேங்க் பேக்கில்: காகிதங்கள், தண்ணீர், மழைக் கையுறை, கொஞ்சம் தின்பண்டம். நின்ற இரண்டு நிமிடத்தில் வேண்டியவை பையின் வாய்க்குப் பக்கத்தில்: மழைச்சட்டை, மருந்துப் பை, டார்ச், பஞ்சர் சாமான். மாலையில் முதலில் வேண்டிய கூடாரம் வெளியே சீட்டின் மேல் குறுக்காக, வேறு எந்தப் பையையும் திறக்காமல் எடுக்கும்படி. கூடாரம் எழுந்த பிறகு உள்ளே போகவேண்டியவை, அதாவது படுக்கையும் இரவு உடுப்பும், ஒரே நீர்புகாப் பையில். அதைத் தூக்கி உள்ளே எறிந்தால் படுக்கையறை தயார்.

கொட்டும் மழையில் போய்ச் சேர்ந்ததாக நினைத்துக்கொண்டு அடுக்கிப் பாருங்கள். எத்தனை ஜிப் திறக்கவேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் மாற்றி அடுக்குங்கள்.

மாற்றுச் சாவி எங்கே? பூட்டிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். நான் வைத்தேன். ஒரு அரை நாளும் ஒரு பூட்டும் போயின. பைக்கின் உடம்பில் எங்காவது ஒட்டுநாடாவால் மறைத்து ஒட்டுங்கள், இல்லை கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கொக்கி வைத்த ரப்பர் கயிறு போதாதா?

போதாது. அது நீளும், அதிர்வில் தளரும், கொக்கி நழுவும். அவிழ்ந்த முனை பின்சக்கரத்தில் சுற்றினால் சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். கட்டும்போது கைதவறினால் கொக்கி நேராக முகத்துக்கு வரும். பக்கிள் உள்ள தட்டையான நைலான் பட்டை இரண்டு வாங்குங்கள், அதுபோதும். மிச்சமிருக்கும் வால்நுனியை முடிந்து செருகிவிட வேண்டும். கிளம்பிய பதினைந்தாவது நிமிடத்தில் நிறுத்தி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பை அமர்ந்து பட்டை தளர்ந்திருக்கும். சைலன்சருக்கும் கட்டிய துணிப் பைக்கும் இடையே கை நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம். நைலான் உருகும் வாசனை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

சுமை ஏற்றியபின் பைக்கில் என்னென்ன மாற்றவேண்டும்?

முதலில் டயர் காற்று. முழுச் சுமைக்கான அளவு தனியாக, பெரும்பாலும் பின் ஃபோர்க்கின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். காலையில் ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அளக்கவேண்டும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறும். வெடிப்பு அங்கிருந்து வருகிறது.

அடுத்தது பின் ஷாக்கின் பிரீலோட், அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு இறுக்கியிருக்கிறது என்பது. சுமையோடு உட்கார்ந்தால் பின்பக்கம் அதன் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு இறங்குவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங்கை ஓரிரு படி ஏற்றுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே ஏறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்குங்கள். செயின் தொய்வைக் கையேடு சொன்னபடி வைத்தபிறகு, சுமையேற்றி ஆள் உட்கார்ந்த நிலையிலும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பின்பக்கம் இறங்கும்போது செயின் இறுகும். விறைத்த செயின் தளர்ந்த செயினைவிடக் கெடுதல், பேரிங்கையே தின்றுவிடும்.

ஆயில், பிரேக் பேட், டயரின் தேய்மானம் ஆகியவற்றை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், பயணம் முடியும்வரை வருமா என்று பாருங்கள். பாதி வழியில் மாற்றவேண்டி வரும் என்றால் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். சர்வீஸ் செய்த மறுநாளே கிளம்பாமல், நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

கருவிகளும் உதிரிகளும்?

கிளம்புவதற்கு முந்தைய வாரத்துச் சின்ன வேலைகளை எல்லாம் பயணக் கருவிப் பையை மட்டும் வைத்துச் செய்யுங்கள். எது இல்லையோ அது கை நீளும்போது தெரியும்; எதைத் தொடவில்லையோ அதை வெளியே எடுங்கள். உங்கள் பைக்கில் இல்லாத நட்டுக்கு ஸ்பேனர் எதற்கு? பின்சக்கரத்தின் அச்சு நட்டுக்கான பெரிய ஸ்பேனரைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் குச்சிகள், அதை ஏற்றும் ஊசி, காற்றடிக்க ஏதாவது ஒன்று. குச்சி தரையில் படும் பகுதிக்கு மட்டும்தான், பக்கச்சுவரில் ஓட்டை விழுந்தால் உதவாது. டியூப் டயர் என்றால் நெம்பு இரண்டு, மாற்று டியூப், ஒட்டுச் சாமான். இதை வீட்டு வாசலில் ஒருமுறையாவது முழுக்கச் செய்து பார்த்திருக்கவேண்டும். டயரில் காற்று ஏற்றும் சிறு வாயுக் குப்பிகள் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் ஒரு பின்டயருக்கே இரண்டு மூன்று தீர்ந்துவிடும். கைப்பம்போ பேட்டரியில் ஓடும் பம்போ தீராது.

உதிரிகளில் கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கிளட்ச் கேபிள், ஃபியூஸ்கள், செயின் இணைப்பு, ஸ்பார்க் பிளக் இவ்வளவும் என் கணக்கு. மாற்றுக் கேபிளைப் பழைய கேபிளுக்குப் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவைத்தால் தேவைப்படும்போது இரண்டு முனைகளை மாற்றினால் முடிந்தது. அதோடு பிளாஸ்டிக் பட்டை, கம்பி, ஒட்டுநாடா, உலோகம் ஒட்டும் பசை. பல பயணங்களை முடித்துவைத்தவை இந்த நான்கும்தான்.

எந்தக் கூடாரம்?

ஆட்கள் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இருவர் கூடாரம். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் எங்கே படுப்பதாம்? வாங்கும்முன் கம்பிகளின் மடக்கிய நீளத்தைக் கேளுங்கள். 45 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பல பக்கப் பைகளில் நுழையாது. தானாக நிற்கும் வகை நல்லது. பாறையிலும் கெட்டித் தரையிலும் முளை இறங்காது. துணியின் நீர்தாங்கும் திறன் மில்லிமீட்டரில் குறித்திருக்கும். மேல்துணிக்கு 1500, தரைக்கு 3000 இருந்தால் சாதாரண மழைக்குப் போதும்.

காலையில் உள்பக்கம் ஈரமாக இருந்தால் கூடாரம் ஒழுகுகிறது என்று அர்த்தமில்லை. அது பெரும்பாலும் உங்கள் மூச்சுதான். குளிர்கிறதென்று காற்றுத் திறப்புகளை அடைத்தால் இன்னும் நனையும்.

ஸ்லீப்பிங் பேக் விலை உயர்ந்ததுதான், ஆனாலும் குளிர்கிறது. ஏன்?

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது: மெத்தை பற்றிப் பேச்சே இல்லை. உடம்பின் எடையில் கீழ்ப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுகிறது. நசுங்கிய பஞ்சில் காற்றில்லை, காற்றில்லாவிட்டால் கதகதப்பில்லை. தரை உங்கள் சூட்டை இரவு முழுக்க உறிஞ்சும். அதைத் தடுப்பது மெத்தை. மெத்தைகளில் ஆர் மதிப்பு என்று, சூடு இறங்குவதை எவ்வளவு தடுக்கும் எனச் சொல்லும் ஓர் எண் இருக்கும். வெயில்காலத்துக்கு 1 முதல் 2, உறைநிலைக்குப் பக்கத்தில் போகும் இரவுகளுக்கு 3 முதல் 4, பனித்தரைக்கு 5-க்கு மேல். இரண்டு மெத்தையை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் எண்கள் கூடும், ஆகவே மலிவான நுரைத் தகடு ஒன்றைக் கீழே போடுவது நல்ல வழி.

பேக்கிலும் எண்ணைச் சரியாகப் படிக்கவேண்டும். ஐ.எஸ்.ஓ 23537 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்தவற்றில் சுகமான வெப்பநிலை, வரம்பு, உச்சம் என்று மூன்று எண்கள் இருக்கும். கடைக்காரர் பெருமையாகக் காட்டுவது கடைசி எண்ணை. அது உயிர் பிழைக்கலாம் என்ற கணக்கு, தூங்கலாம் என்ற கணக்கில்லை. முதல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வாத்து இறகு இலேசானது, சின்னதாகச் சுருங்கும், நனைந்தால் பயனற்றது. செயற்கை இழை கனம், பருமன், ஆனால் ஈரத்திலும் ஓரளவு காக்கும். மழை நிறைந்த பயணத்துக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சாலை உடுப்போடு படுக்காதீர்கள். பகல் முழுக்க ஊறிய வியர்வை இரவில் குளிர்ந்து தொந்தரவு செய்யும். உலர்ந்த ஒரு ஜோடி உள்ளாடையும் உலர்ந்த சாக்ஸும் இரவுக்கென்றே தனியாக, எந்தக் காரணத்துக்காகவும் பகலில் போடாமல்.

அடுப்புக்கு என்ன எரிபொருள்?

திருகு கேஸ் குப்பி எளிது, சுத்தம். ஆனால் வெறும் பியூட்டேன் உறைநிலைக்குச் சற்றுக் கீழே, மைனஸ் 0.5 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். குளிர் பிரதேசம் என்றால் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பி வேண்டும். குப்பியின் வாய் அமைப்பு நாட்டுக்கு நாடு மாறுவதும், விமானத்தில் ஏற்ற விடாததும் இதன் குறைகள். பெட்ரோலில் எரியும் அடுப்பு கொஞ்சம் கனம், புகையும், பழக்கம் வேண்டும். ஆனால் எரிபொருள் உங்கள் டேங்கிலேயே இருக்கிறது. நீண்ட பயணத்துக்கு அந்த ஒரு வசதியே போதும்.

எந்த அடுப்பையும், எந்தத் தணலையும் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், மழை எவ்வளவு பெய்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவதுபோல இருக்கும், பிறகு எழுந்திருக்கமாட்டீர்கள்.

குளிருக்கு ஒரு கனத்த ஜாக்கெட் போதுமா?

மெல்லியவை மூன்று மேல். மலையில் ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்தில் 28 என்றால் 3000 மீட்டர் உயரக் கணவாயில் எட்டு, ஒன்பது. அதன் மேல் காற்று: 10 டிகிரியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வெறும் தோலுக்கு அது 4 டிகிரிபோலத் தெரியும். ஒரே நாளில் இரண்டும் வருவதால் போடவும் கழற்றவும் முடிகிற அடுக்குகளே உதவும். வியர்வையை வெளியேற்றும் உள்ளாடை, நடுவில் கம்பளி மாதிரி ஒன்று, வெளியே காற்றைத் தடுப்பது. பருத்தி பனியன் நனைந்தால் எளிதில் உலராது, எடுக்காதீர்கள். ஐந்து நாள் பயணத்துக்கும் ஐம்பது நாள் பயணத்துக்கும் துணி ஒரே அளவுதான். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில்.

மழைச்சட்டையை முதல் தூறலில் போடுங்கள். நனைந்த பிறகு போட்டால் ஈரத்தைப் பூட்டிவைத்தது மாதிரி.

காதடைப்பான் அவசியமா?

ஆம். ஹெல்மெட் தலையைக் காக்கும், சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. நெடுஞ்சாலை வேகத்தில் காற்றின் இரைச்சல் 100 டெசிபலைத் தொடும். அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரையின்படி அந்த அளவுச் சத்தத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான் இருக்கலாம். மாலையில் வரும் இனம்புரியாத அசதிக்கும் இது ஒரு காரணம். நுரையில் செய்த சாதாரண அடைப்பான் போதும்.

பெட்ரோலும் தண்ணீரும் எவ்வளவு?

13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்றால் காகிதத்தில் 390. சுமை, எதிர்க்காற்று, ஏற்றம் சேர்ந்தால் 25-க்கு இறங்கி 325 ஆகும். அதில் 60-ஐ ஒதுக்கிவிட்டு, 260 கிலோமீட்டருக்குள் அடுத்த பங்க் இருக்குமாறு திட்டமிடுங்கள். இருக்காத பகுதிக்கு மட்டும் எரிபொருளுக்கென்றே செய்த கேன் எடுங்கள். தண்ணீர்ப் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஆள் குறைந்த பகுதியில் பாதி டேங்கில் பங்க் தென்பட்டாலும் நிரப்பிவிடுவது என் பழக்கம்.

குடிக்க எப்போதும் மூன்று லிட்டர். காற்றில் வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடுவதால் தாகம் தாமதமாகத்தான் வரும். தலைவலியும், வளைவில் சற்று அகலமாகப் போவதும் முதல் அறிகுறிகள்.

ஃபோன் வரைபடம் போதுமா?

இணையமில்லாமல் வேலை செய்யும்படி வரைபடத்தை இறக்கிவைத்தால் போதும், கூடவே ஒரு காகித வரைபடம். ஃபோனை நேரடியாக ஹேண்டில்பாரில் இறுக்கினால் கேமரா கெடலாம். எஞ்சின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் பகுதியைப் பாதிக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் பிடியை மாட்டுங்கள், இல்லையேல் பழைய ஃபோன் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். சார்ஜர் இணைப்பு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரட்டும். சூடேறும் ஜாக்கெட், கூடுதல் விளக்கு எல்லாம் சேர்த்தால் பைக்கின் மின்னாக்கி தாங்குமா என்று வாட் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்.

கூடாரத்துக்கும் பைக்குக்கும் இடம் பார்ப்பது எப்படி?

பைக்குக்கு முதலில். சைடு ஸ்டாண்டு மண்ணில் மெதுவாகப் புதையும். நள்ளிரவில் பனி இறங்கி மண் இளகியதும் பைக் சாயும். கையளவு தகடோ தட்டையான கல்லோ அடியில் வையுங்கள். சரிவு என்றால் முன்பக்கம் மேட்டைப் பார்த்து, முதல் கியரில். பைக் விழுந்தாலும் எட்டாத தூரத்தில் கூடாரம். ஆற்றுமணல் மெத்தென்று அழைக்கும். மேலே மலையில் பெய்த மழை உங்களுக்குச் சொல்லிவிட்டு வராது. பட்ட கிளைகளுக்குக் கீழே வேண்டாம். பள்ளத்தின் அடியிலும் வேண்டாம், குளிர்ந்த காற்று அங்கேதான் தேங்கும். தனியார் நிலம் என்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தனியாகப் போகலாமா?

போகலாம். தினமும் ஒருவருக்கு, எங்கே இருக்கிறேன், நாளை எங்கே என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். எத்தனை மணி நேரம் தகவல் வராவிட்டால் தேடத் தொடங்கவேண்டும் என்பதையும் முன்பே பேசிவையுங்கள். சிக்னல் இல்லாத பகுதிகளில் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி நல்ல செலவு. மருந்துப் பையில் காயம் கட்டும் துணி, இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை, வலி மாத்திரை, உப்புச்சர்க்கரைப் பொடி, உங்கள் வழக்கமான மருந்துகள். இரத்த வகையும் அவசர எண்ணும் எழுதிய அட்டை ஜாக்கெட்டில். வழியில் விழுந்து கிடப்பவரைப் பார்த்தால், மூச்சுத் திணறினாலொழிய ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

எல்லை தாண்டப் போகிறேன். என்ன காகிதம் வேண்டும்?

ஓட்டுநர் உரிமம், அதோடு சர்வதேச அனுமதி. அனுமதியில் 1949 ஜெனிவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி ஒன்று என வகைகள் உண்டு. போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்க்கவேண்டும். மூல உரிமம் கையில் இல்லாமல் இதற்கு மதிப்பில்லை. பைக்கின் பதிவு உங்கள் பெயரில் இல்லாவிட்டால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம். சில நாடுகள் கார்னே என்ற சுங்கப் புத்தகத்தைக் கேட்கும். வண்டியை அங்கே விற்காமல் திரும்பக் கொண்டுபோவேன் என்பதற்கான உத்தரவாதம் அது. வெளியேறும்போது முத்திரை வாங்க மறந்தால் வண்டி அங்கேயே இருப்பதாகக் கணக்காகி வரி உங்கள் தலையில் விழும். எவ்வளவு வரிசை இருந்தாலும் முத்திரையைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

திரும்பி வந்ததும் சாமானை அப்படியே பரணில் போடலாமா?

கூடாரத்தை மட்டும் கண்டிப்பாகக் கூடாது. ஈரத்தோடு சுருட்டிய துணியில் சில நாட்களில் பூஞ்சை ஏறும், அந்த வாசனை பிறகு போகவே போகாது. நிழலில் விரித்து, தையல் ஓரங்கள் வரை உலர்ந்தபின் மடியுங்கள். ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்ன உறையில் திணித்து மாதக்கணக்கில் வைத்தால் பஞ்சு மீண்டும் உப்பாது. பெரிய துணிப் பையில் தளரப் போட்டுவையுங்கள். காற்று மெத்தையை வால்வு திறந்தபடி விரித்து வையுங்கள். பெட்ரோல் அடுப்பின் குப்பியைக் காலிசெய்துவிடுங்கள். தீப்பெட்டியை அடுப்போடு சேர்த்துக் கட்டிவைப்பது என் வழக்கம். ஏன் என்று முதல் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.